கம்பி போயிற்று, கவலை போகவில்லை

சென்ற டிசம்பரில் நமது பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழா நடந்தேறியது. தாமிரவருணிக் கரையிலுள்ள சிற்றூர்ப் பள்ளிக்கூடந்தான். ஆயினும் விழா என்று வந்துவிட்டால் வாழைமரம், தோரணம், நாதஸ்வரம், வரவேற்புரை, வரவேற்புரைக்கு ஒரு முன்னுரை ஆகிய எதிலும் நாம் பட்டணத்தாருக்குக் குறைந்தவர்கள் அல்லர். அன்று மாலை மண்டபத்தில் அறுநூறு பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். அக்கிராசனர் முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தார்; ஒலிபெருக்கி அதில் ஓர் எழுத்தையேனும் விழுங்கவில்லை. தலைமையாசிரியர் அறிக்கை வாசித்தார். அதுவும் கடைசி வரிசை வரையில் கணீரென்று கேட்டது. அவருக்குப் பின் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பேச வந்தாள்.

அவள் அதுவரையில் மேடை ஏறியவள் அல்லள். அவளுடைய தாயார் பீடி சுற்றிக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவர். சுற்றிய பீடிக்குத்தான் கூலி. ஆகையால் விழாவுக்கு வந்த அந்த மாலைப் பொழுது அம்மாளுக்குக் கைப்பண நஷ்டம். பெண் நமது ஆற்றைப் பற்றித் தானே எழுதி, ஒரு மாத காலம் மனனம் செய்து, நம்மிடம் பலமுறை ஒப்பித்துக் காட்டியிருந்தாள். அக்கிராசனர் நின்ற மேஜைக்குப் பின்னால் நின்றால் அவளுடைய உச்சந்தலை மட்டுமே சபைக்குத் தெரியும். எனவே, அவள் கையில் கம்பியில்லா மைக் ஒன்றைக் கொடுத்து மேடையின் முன் ஓரத்தில் நிறுத்தினார்கள்.

நாலு வாக்கியம் நன்றாகப் போயிற்று. ஐந்தாவதில் ‘கர்ர்’ என்று ஒரு சப்தம் எழுந்தது. பிறகு குரல் இல்லை. பிறகு பாதிச் சொல் வந்தது, மறுபடியும் இல்லை. பின்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள். அவள் மைக்கைத் தட்டினாள், ஊதினாள், இரு கையாலும் அதன் அடிப்பாகத்தை இறுகப் பற்றிக்கொண்டாள். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. கடைசியில் “நன்றி, வணக்கம்” என்றாள். அந்த இரண்டு சொற்கள் மட்டும் அட்சர சுத்தமாய் ஒலிபெருக்கியில் முழங்கின. சபையோர் பலமாகக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை நாம் இன்னும் மறக்கவில்லை.

“மைக் கோளாறு” என்றார் பக்கத்திலிருந்த ஆசிரியர். நம் நாட்டில் இந்த இரண்டு சொற்களுக்கு மழை, வெயில் என்பவற்றுக்குள்ள அந்தஸ்து உண்டு. யாரும் பொறுப்பாளி அல்லர். யாரும் மேற்கொண்டு கேட்பதும் இல்லை. நாமும் கேட்டிருக்க மாட்டோம். மூன்றாம் நாள் அந்தப் பெண் வந்து, “அடுத்த வருஷம் வேற யாரையாவது பேசச் சொல்லுங்க, சார். என் குரல் மைக்குக்குச் சரிப்படலை” என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்பொழுதுதான் நமக்குச் சுரீரென்றது. அக்கிராசனரின் குரல் சரிப்பட்ட மைக்குக்கு இவள் குரல் சரிப்படாமற் போனது ஏன்? நாம் கணித ஆசிரியர். விடை தெரியாத கணக்கைப் பலகையில் விட்டுவிட்டுப் போவது நமக்கு வழக்கமில்லை.

மைக் செட்காரரிடம் போனோம். ஊரார் அனைவருக்கும் அவர் அண்ணாச்சி. “சார்வாள், சாமான்ல ஒரு குறையும் கிடையாது. காலையில ஒவ்வொண்ணா டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டுல்லா வச்சேன்!” என்றார். அவர் சொன்னது முழு உண்மை. அந்த ‘ஒவ்வொண்ணா’ என்ற சொல்லில்தான் மர்மம் முழுவதும் ஒளிந்திருந்தது என்பது பின்னால் புலப்பட்டது.

நேயர்கள் முதலில் ஒரு விஷயத்தை மனத்தில் கொள்ள வேண்டும். கார்ட்லெஸ் மைக் என்று நாம் கையில் பிடிப்பது வெறும் மைக் அன்று. அது உள்ளங்கையில் அடங்கிய ஒரு வானொலி நிலையம். வாய்ச் சொல்லை மின் அலையாக்கி ஆகாயத்தில் விடுவது அதன் வேலை. மேடையோரம் இரண்டு குச்சிகளை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெட்டி ரிசீவர். அது வீட்டு ரேடியோவுக்குச் சகோதரம். நிலையத்தின் சக்தியோ மிகச் சொற்பம். பெரும்பாலும் 10 முதல் 50 மில்லிவாட் வரையில்தான். நம் சட்டைப் பையிலுள்ள கைபேசியே 200 மில்லிவாட் வரையில் வீசக்கூடியது. ஆகவே மைக் அனுப்புவது ஒரு மெல்லிய முணுமுணுப்பு. அதைக் கேட்க ரிசீவருக்கு அமைதியும் வேண்டும், இடையூறில்லாத வழியும் வேண்டும்.

கம்பியில்லாமல் சைகை அனுப்பும் வித்தை நமக்கு அந்நியமானதன்று. 1895-ல் ஜகதீச சந்திர போஸ் கல்கத்தா நகர மண்டபத்தில் கண்ணுக்குத் தெரியாத அலையைக் கொண்டு தூரத்தில் மணியடிக்கச் செய்து காட்டினார். ஆனால் மேடைக்கு மைக் கம்பியில்லாமல் வந்தது வெகு பின்னால். 1949-ல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நடந்த பனிச்சறுக்கு நாடகம் ஒன்றில் ரெஜ் மூர்ஸ் என்பவர் இத்தகைய மைக்கைப் பயன்படுத்தினார். சறுக்கி ஓடும் நடிகர் பின்னால் கம்பியை இழுத்துக்கொண்டு போக முடியாதன்றோ? 1953-ல் அமெரிக்காவின் ஷூர் கம்பெனியார் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்து அதற்கு நாடோடி என்று பொருள்படும் ‘வாகபாண்ட்’ என்ற பெயரைச் சூட்டினார்கள். நாடோடியின் குணங்கள் அதற்கு இன்றும் போகவில்லை.

நிற்க. ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சியையும் அவருடைய பெட்டிகளையும் வரவழைத்து, விழா நாளில் இருந்தது இருந்தபடி மண்டபத்தில் வைத்துப் பார்த்தோம். அன்று மேடையில் கம்பியில்லா மைக்குகள் மூன்று. இரண்டு நமது பள்ளிக்கூடத்தவை, மூன்றாவது இரவல். அக்கிராசனரும் தலைமையாசிரியரும் பேசியது கம்பி வைத்த மைக்கில் என்பதை அதுவரையில் நாம் கவனிக்கவேயில்லை! நிகழ்ச்சிகளை அறிவித்த இரு ஆசிரியைகள் தங்கள் மைக்குகளை அணைக்காமல், மேஜை மேல் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவதுதான் பெண்ணின் கையிலிருந்தது.

இப்பொழுது கணக்கு. எளிமைக்காக மூன்று மைக்குகளும் 600, 601, 602 மெகாஹெர்ட்ஸில் பாடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதலிரண்டு மைக்குகளும் அருகருகே கிடந்தால் ஒன்றின் அலை மற்றொன்றின் உள்ளே புகுந்து கலக்கிறது. அந்தக் கலப்பில் யாரும் விரும்பாத புதிய அலைகள் பிறக்கின்றன. எங்கே பிறக்கும் என்பதற்குச் சூத்திரம் உண்டு: ஒன்றை இரட்டித்து மற்றதைக் கழி. 601-ஐ இரட்டித்தால் 1202. அதிலிருந்து 600-ஐக் கழித்தால் 602. அதாவது மூன்றாவது மைக்கின் வீட்டுத் திண்ணையில் ஒரு பேய்க் குழந்தை வந்து உட்கார்ந்துவிடுகிறது. இதை ஒலித் துறையார் இன்டர்மாடுலேஷன் என்பார்கள். சம இடைவெளியில் மூன்று எண்களைத் தேர்ந்தெடுத்தால் இந்த விபத்து தப்பாது. ஒழுங்கை விரும்பும் மனிதர்கள் சம இடைவெளியைத்தான் தேர்ந்தெடுப்பார்கள் என்பது இதில் பரிதாபமான அம்சம். அண்ணாச்சியின் மைக்குகளில் இருந்த எண்களை வாசித்துப் பார்த்தோம். சம இடைவெளிதான். ஒவ்வொன்றாகச் சோதித்தபோது குறையில்லை. மூன்றும் ஒருசேர எரிந்தபோது மூன்றாமவருக்கு வாய்க்கட்டு.

மேஜை மேல் கிடந்த இரண்டையும் அணைத்தோம். கர்ர் சப்தம் அடங்கிற்று. மறுபடி ஏற்றினோம், வந்தது. அண்ணாச்சி மூக்கின் மேல் விரலை வைத்தார். ஆனால் நமக்கு முழுத் திருப்தி ஏற்படவில்லை. காலி மண்டபத்தில் லேசான இரைச்சல்தான் கேட்டதேயொழிய, அன்றுபோல் குரல் அடியோடு மறையவில்லை.

காரணம் ரிசீவர் இருந்த இடம். அதை ஆம்ப்ளிபையரோடு சேர்த்து மண்டபத்தின் பக்கவாட்டில், ஓர் இரும்பு பீரோவுக்குப் பின்னால், தரையோடு தரையாக வைத்திருந்தார்கள். குச்சிகள் இரண்டும் மடங்கிக் கிடந்தன. இரும்பு அலையைத் தடுத்துத் திருப்பிவிடும். மனித உடல் பெரும்பாலும் நீராகையால் அலையை உறிஞ்சிக்கொள்ளும். காலையில் காலியாயிருந்த மண்டபத்தில் மாலையில் அறுநூறு நீர்க்குடங்கள் வந்து உட்கார்ந்துவிட்டன! நாற்பது பையன்களை மேடைக்கும் பீரோவுக்கும் இடையில் நிற்கவைத்தோம். ரிசீவரில் அலை வருவதைக் காட்டும் விளக்கு மினுக்கத் தொடங்கிற்று. பிறகு ஒரு பையனை மைக்கின் அடிப்பாகத்தை இரு கையாலும் பொத்திப் பிடிக்கச் சொன்னோம். விளக்கு அணைந்தது. கையில் பிடிக்கும் மைக்குகள் பலவற்றில் ஆன்டெனா இருப்பது அந்த அடிப்பாகத்தில்தான். அந்தப் பெண் பயத்தில் எதை இறுகப் பற்றினாளோ, அதுவே அவள் குரல் வெளியேறும் வாசல். நன்றி சொல்லும்போது கையைத் தளர்த்தினாள், வாசல் திறந்துகொண்டது.

ஆக, குற்றப் பத்திரிகையில் அவள் பெயர் இல்லை. நம் பெயர் இருந்தது. ஓரடி தூரத்தில் நின்ற கம்பி மைக்கை எடுத்து அவள் முன்னால் வைக்க முன்வரிசையிலிருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

பள்ளி, சங்கம், சபா, கோயில் விழா என்று எங்கேனும் பொறுப்பேற்கும் நேயர்களுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமைப் பாடம் பயன்படக்கூடும். ரிசீவரை மேடையைப் பார்த்தபடி, நிற்பவர் தலைக்கு மேலே நிற்கும் உயரத்தில், மைக் அதைக் ‘காணக்கூடிய’ இடத்தில் வைக்கவேண்டும். இரண்டு குச்சிகளையும் ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல் விரித்துவிடவேண்டும். இரண்டு குச்சி எதற்கு என்று கேட்கலாம். 600 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 50 சென்டிமீட்டர். நேராக வரும் அலையும், சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் ஓரிடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொண்டால் அங்கே சூனியம்; ஒரு சாண் தள்ளினால் மறுபடி உயிர். ஒரு குச்சி சூனியத்தில் அகப்பட்டால் மற்றது பிழைத்திருக்கும். ரிசீவர் அதைப் பிடித்துக்கொள்ளும். ஒரு குச்சியை ஒடித்துவிட்டு “இன்னொன்றுதான் இருக்கிறதே” என்பவர்கள் இதைக் கவனிக்கவும். எல்.இ.டி. திரை, வை-ஃபை பெட்டி ஆகியவற்றின் அருகாமையும் ரிசீவருக்கு ஆகாது.

சேனல் தேர்ந்தெடுக்கும் வகை மைக்காயின், மைக்கை அணைத்து ரிசீவரை மட்டும் முதலில் ஏற்றவேண்டும். அப்பொழுதே அலை விளக்கு எரிந்தால் அந்த வீட்டில் வேறொருவர் குடியிருக்கிறார். அடுத்த சேனலுக்குப் போகவேண்டியதுதான். விழாவில் எரியப்போகும் மின் சாதனங்கள் யாவும் அப்போதே எரிந்துகொண்டிருக்கவேண்டும். பல மைக்குகள் இருந்தால், கம்பெனியார் ‘குரூப்’ என்று வகுத்துத் தந்திருக்கும் ஒரே தொகுதியிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம். மேற்படி பேய்க் கணக்கை அவர்கள் முன்னதாகவே போட்டுவைத்திருக்கிறார்கள். பழைய மைக் வைத்திருப்பவர்கள் அதன் முதுகிலுள்ள எண்ணை ஒருமுறை வாசிக்கவேண்டும். 700 மெகாஹெர்ட்ஸைச் சேர்ந்த அலைவரிசை 2022-ஆம் ஆண்டு ஏலத்தில் கைபேசிச் சேவைக்குப் போய்விட்டது. பத்து வருஷம் உழைத்த மைக் திடீரென்று கெட்டுப்போனதற்கு ரிப்பேர்க் கடையில் காரணம் கிடைக்காது.

காலரில் குத்திக்கொள்ளும் சிறு மைக்குகள் பல 2.4 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கின்றன. அது வை-ஃபையும் புளூடூத்தும் நெருக்கியடிக்கும் சந்தை. வகுப்பறைக்கு அவை உத்தமம், நாமே உபயோகிக்கிறோம். ஆனால் சபை நிறைந்த மண்டபத்தில் அவற்றை மட்டும் நம்பி இறங்கலாகாது. டிஜிட்டல் ஜாதியாகையால் அவை இரைந்து முன்னெச்சரிக்கை செய்வதுமில்லை. பேச்சு நடுவில் அறுந்துபோகும்.

சேனலைப் பற்றிப் பேசும்போது பழைய கதை ஒன்று ஞாபகம் வருகிறது. சில வருஷங்களுக்கு முன், காலமான ஆசிரியர் ஒருவருக்கு மௌன அஞ்சலி செலுத்த எல்லோரும் எழுந்து நின்றோம். மைக்கை மரியாதையாக அணைத்துவிட்டார்கள். ரிசீவரோ காதைத் திறந்துகொண்டு காத்திருந்தது. பரிபூரண நிசப்தத்தில், “மாப்பிள்ளை வீட்டார் அனைவரும் சாப்பிட வரவும்” என்ற அழைப்பு நமது ஒலிபெருக்கியில் எழுந்தது! அடுத்த தெருக் கல்யாண மண்டபமும் அதே சேனல் போலும். மைக்கை அணைக்குமுன் மிக்ஸரில் அதன் குமிழை இறக்கிவிட வேண்டும். பிறகுதான் மைக்கின் விசை. சும்மாயிருக்கும் மைக்குகளை ஒட்டி வைக்காமல் எட்ட எட்ட வைக்கவேண்டும்.

சப்தம் நின்றுபோனால் உடனே எல்லோரும் எல்லாக் குமிழையும் திருகுவது நம் வழக்கம். அப்படிச் செய்யாமல் ரிசீவரின் முகத்தைப் பார்க்கவேண்டும். அலை விளக்கு எரியவில்லையா? மைக்கின் பேட்டரி, சேனல், ரிசீவரின் இடம் ஆகிய மூன்றில் ஒன்று. அலை விளக்கு எரிகிறது, பேசினாலும் ஒலி விளக்கு அசையவில்லையா? பேசுபவர் மைக்கின் ‘மியூட்’ விசையைத் தள்ளியிருப்பார். இரண்டும் எரிந்தும் மண்டபத்தில் சப்தமில்லையென்றால் குற்றம் ஆகாயத்தில் இல்லை. ரிசீவரிலிருந்து மிக்ஸருக்குப் போகும் கம்பியிலோ மிக்ஸரிலோ இருக்கிறது. குரல் வருகிறது, ஆனால் கரகரவென்று உடைகிறதென்றால் கெயின் அதிகம். உள்ளவர்களில் உரத்த குரலினரைப் பேசவைத்துச் சிவப்பு விளக்கு தொடாதபடி அதைக் குறைத்துவைக்க வேண்டும்.

ஊளையிடும் சங்கதி வேறு. ஒலிபெருக்கியின் சப்தம் மைக்கில் புகுந்து, பெருகி, மறுபடி புகுவதால் உண்டாவது அது. அதை ஆராய்ந்த டென்மார்க் விஞ்ஞானி லார்சன் என்பவர் பெயராலேயே வழங்குகிறது. கம்பியோடு பிறந்த மைக்குக்கும் அது பொதுவே. ஆனால் கம்பியில்லாதவர் சுதந்திரமாக உலாவி ஒலிபெருக்கிக்கு எதிரே போய் நின்றுவிடுவார்; அதுதான் ஆபத்து. மேல்நாட்டுப் பாடகர் பாணியில் மைக்கின் தலையைக் கையால் மூடிப் பிடிப்பதும் ஊளைக்கு அழைப்பு விடுப்பதே.

எல்லாவற்றுக்கும் மேலாக, யாரேனும் ஒருவர் மைக்கை ஏந்திப் பேசிக்கொண்டே மேடையின் மூலை முடுக்கெல்லாம் ஒருமுறை நடந்துவிட வேண்டும், எல்லா மைக்குகளும் எரியும்போது. ஐந்து நிமிஷ வேலை. விழா நாளில் ஐந்து நிமிஷம் கிடைப்பது துர்லபம் என்பது நமக்கும் தெரியும், வரவேற்புரையில் எடுத்துக்கொள்ளலாம்.

பேட்டரி விஷயத்தில் சிக்கனம் பார்க்கும் நிர்வாகிகள் பலர். சாதாரண ஆல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட்டில் தொடங்கிப் படிப்படியாக இறங்கும். அதனால் மைக்கின் அளவுகோல் ஓரளவு உண்மை பேசும். திரும்பச் சார்ஜ் ஏற்றும் நிக்கல் வகை 1.2 வோல்ட்டில் வெகு நேரம் நின்று கடைசியில் திடீரென்று சரியும். அளவுகோலை நம்பினால் மோசம் போக நேரிடும். எவ்வகையாயினும் முக்கியமான நிகழ்ச்சிக்குப் புதியதோ, அன்று சார்ஜ் ஏற்றியதோ போடவேண்டும்.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டோம். மண்டபத்தில் மூன்று மைக்குகளையும் வைத்து அவளையே சோதனை செய்யச் சொன்னோம். மேஜை மேலிருந்த இரண்டையும் அவள் ஏற்றினாள், அணைத்தாள். அடிப்பாகத்தைப் பொத்தினாள், விட்டாள். விளக்கு அணைந்து எரிவதை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப நான் பேசினது சரிதானா, சார்?” என்றாள். சரிதான் என்றோம். ஜனவரி 26-ஆம் தேதி கொடியேற்று விழாவில் அதே பேச்சைப் பேச முடியுமா என்று கேட்டோம். “மறுபடியும் நின்னுட்டுன்னா?” என்றாள். அவள் உயரத்துக்குத் தாழ்த்திய ஸ்டாண்டில் கம்பி மைக் ஒன்று இரண்டடி தள்ளி நிற்கும், நின்றுபோனால் பேச்சை நிறுத்தாமல் அதன் பக்கம் நகர்ந்துவிடு என்றோம்.

குடியரசு தினத்தன்று திறந்த மைதானம். அண்ணாச்சி ரிசீவரை முக்காலி மேல் முக்காலி போட்டு உயர்த்தியிருந்தார். மற்ற மைக்குகள் ஆளுக்கொரு திசையில் கிடந்தன. மைக்கின் நடுப்பாகத்தைப் பிடித்துக்கொண்டு அவள் ஏழு நிமிஷம் பேசினாள். கம்பி மைக்கை ஒருமுறை திரும்பிப் பார்த்ததோடு சரி. தாயார் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். அவ்வளவு தூரத்துக்கும் கேட்டது. காற்று வீசியபோது இரண்டொரு சொற்கள் புஸ்ஸென்று போயின. மைக்குக்குப் பஞ்சுறை போட மறந்தது நமது தவறு.

அன்று கழற்றிய பேட்டரிகளில் ஒன்றை எட்டாம் வகுப்புச் சுவர்க் கடிகாரத்தில் போட்டோம். மேடைக்கு மறுமுறை உதவாத பேட்டரி கடிகாரத்துக்குப் பல மாதம் உழைக்கும். இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.